முதியோர் பென்ஷன் நின்றுபோனால்: ராமநாதபுரம் கடலோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு வருடமாகப் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துப் பெரியவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். முன்பெல்லாம் பட்டா, ரேஷன் கார்டு, சாதிச் சான்று என்று பல விஷயத்துக்கு வருவார்கள். இப்போது வருகிற பெரியவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "தம்பி, ரெண்டு மாசமாப் பணம் ஏறலையே, ஏன்?" திரும்பத் திரும்ப ஒவ்வொருவருக்கும் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். பெரியவர்களுக்குப் படித்துச் சொல்ல வீட்டில் ஒரு பேரனோ பேத்தியோ இருந்தால் போதும்.

அரசாங்கம் முதியோர் பென்ஷனைக் குறைத்துவிட்டதா?

மாதத் தொகை ஏறித்தான் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1962 ஏப்ரலில் மாதம் 20 ரூபாயோடு தொடங்கியது. 2011-ல் 1,000 ஆனது. 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. இந்தப் பக்கத்தில் வருகிற கணக்கெல்லாம் அந்த 1,200-ஐ வைத்துப் போட்டதுதான்.

ஆனால் 2011-க்கும் 2023-க்கும் நடுவில் பன்னிரண்டு வருடம் தொகை அசையவில்லை. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் பருப்பு, எண்ணெய், மாத்திரை, டிக்கெட் எதுவும் அப்படி நிற்கவில்லை. கையில் அதே ஆயிரம் ரூபாய், வருடா வருடம் அதில் வாங்க முடிகிற சாமான் குறைந்துகொண்டே போனது. இதற்கு அரசாணை தேவைப்படுவதில்லை. யாரும் கையெழுத்துப் போடாமலே நடக்கிற குறைப்பு இது.

இன்னொரு குறைப்பு பட்டியலில் நடக்கிறது. கள ஆய்வு என்று வருவார்கள், ஆதார் எண்ணை வைத்து வேறு பட்டியல்களோடு ஒப்பிடுவார்கள், சில பெயர்கள் விழும். தகுதி இல்லாதவர் பெயர் விழுந்தால் அதில் தப்பில்லை. தகுதி உள்ளவர் பெயரும் சேர்ந்து விழுகிறது, அதை யாரும் அவரிடம் சொல்வதில்லை. பணம் வராத மாதத்தில்தான் அவருக்கே தெரிகிறது. என் அனுபவத்தில் தொகை ஏறாததைவிட இதுதான் அதிகம் வலிக்கிறது.

இந்த 1,200 ரூபாயில் மத்திய அரசின் பங்கு எவ்வளவு?

மத்திய அரசின் தேசிய முதியோர் ஓய்வூதியம் 1995 ஆகஸ்ட் 15-ல் மாதம் 75 ரூபாயாகத் தொடங்கியது. 2006-ல் 200 ஆனது. பிறகு 2007-ல் இந்திரா காந்தி பெயர் வைத்தார்கள், 2011-ல் தகுதி வயதை 65-லிருந்து 60-ஆக இறக்கினார்கள், 80 வயது தாண்டியவர்களுக்கு 500 ஆக்கினார்கள். 60 முதல் 79 வரை உள்ளவர்களுக்கு அந்த 200 மட்டும் 200-ஆகவே நின்றது. மீதி ஆயிரத்தை மாநில அரசு போடுகிறது. 2017 டிசம்பரில் அறுபது பொருளாதார அறிஞர்கள் சேர்ந்து அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜெட்லிக்குக் கடிதம் எழுதினார்கள். இந்த 200-ஐக் குறைந்தது 500 ஆக்குங்கள் என்பது அதில் ஒரு கோரிக்கை. 200 என்றால் ஒரு நாளைக்கு ஏழு ரூபாய்கூட வராது. பாம்பன் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்குக் காணாது.

எனக்குப் பணம் நின்றுவிட்டது. முதலில் எங்கே போவது?

தாலுகா ஆபீசுக்கு ஓடாதீர்கள். முதலில் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போங்கள், வரவு போட்டுப் பாருங்கள். என்னிடம் வந்த பலருக்கு பென்ஷன் நிற்கவே இல்லை. பணம் வேறு கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. எப்படி என்றால், மகளிர் குழுக் கடனுக்கோ கேஸ் மானியத்துக்கோ புதிதாக ஒரு கணக்கு தொடங்கி, அதில் ஆதாரை இணைத்திருப்பார்கள். ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக இணைத்த கணக்கைத் தேடிப் போய்விடும். ஓரியூர் பக்கத்து ஆத்தா ஒருவர் ஏழு மாதம் அழுதுகொண்டிருந்தார். ஏழு மாதப் பணமும் அவர் மறந்தேபோன ஒரு பாஸ்புக்கில் இருந்தது.

எந்தக் கணக்கிலும் ஏறவில்லையா, அப்புறம்தான் தாலுகா ஆபீஸ். அங்கே பொது வட்டாட்சியரைப் பார்க்க வேண்டாம். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று ஒருவர் இருப்பார், இந்த வேலை அவருடையது. ராமேஸ்வரம் தீவில் உள்ளவர்களுக்கு ராமேஸ்வரம் தாலுகா. தொண்டிக்காரர்கள் திருவாடானைக்கும், சாயல்குடி, மூக்கையூர்க்காரர்கள் கடலாடிக்கும் போக வேண்டும்.

போய் வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். "வரும், போங்க பாட்டி" என்பது பதில் ஆகாது. ஒரு வெள்ளைத் தாளில் பெயர், ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், பென்ஷன் உத்தரவு எண், எந்த மாதத்திலிருந்து வரவில்லை என்று எழுதி, "நிறுத்தியிருந்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டுகிறேன்" என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். இரண்டு பிரதி. ஒன்றில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் வையுங்கள். முத்திரை வாங்காத மனுவைக் கொடுத்ததற்கு உங்களிடம் எந்த அடையாளமும் இருக்காது.

பதிலே வரவில்லை என்றால்?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வயதானவர்களால் வெயிலில் அவ்வளவு தூரம் போய் வரிசையில் நிற்க முடியாது என்றால், 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். புகார் எண் ஒன்று தருவார்கள், எழுதி வையுங்கள்.

அதிலும் நகரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். "இந்த எண்ணுள்ள ஓய்வூதியம் எந்தத் தேதியில், யாருடைய அறிக்கையின்பேரில், என்ன காரணத்துக்காக நிறுத்தப்பட்டது? அறிக்கையின் நகல் தருக." இவ்வளவு போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். நான் எழுதிய மனுக்களில் அதிகம் வேலை செய்தது இந்த ஒன்றுதான். பல நேரம் பதில் வருவதற்கு முன்பே பணம் வந்துவிடுகிறது.

நின்ற மாதங்களுக்கான பணம் திரும்பக் கிடைக்குமா?

நான் பார்த்தவரை பெரும்பாலும் மறுபடி தொடங்கிய மாதத்திலிருந்துதான் தருகிறார்கள். இருந்தாலும் மனுவில் நிலுவையையும் கேட்டே எழுதுங்கள். இரண்டு மூன்று பேருக்குக் கிடைத்திருக்கிறது. எழுதிக் கேட்டிருந்தவர்களுக்கு மட்டும்தான்.

"விசாரணையில் ஊரில் இல்லை" என்று எழுதி நிறுத்திவிட்டார்கள். நான் எங்கும் போகவில்லையே?

இது கடலோரத்துக்கே உரிய பிரச்சினை. விசாரணைக்கு வருகிறவர் காலை பத்து பதினோரு மணிக்கு வருவார். அந்த நேரத்தில் நம் கிழவிகள் வீட்டில் எங்கே இருப்பார்கள்? விடியற்காலையிலேயே கூடையோடு கடற்கரைக்குப் போய், ஏலம் முடிந்து, மீன் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருப்பார்கள். பாசி எடுக்கிறவர்கள் கடலுக்குள் இருப்பார்கள். வலை கட்டுகிற தாத்தா கொட்டகையில் இருப்பார். கதவு பூட்டியிருக்கும். "இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

எழுபது வயதிலும் மீன் கூடை தூக்குகிற ஒரு மனுசி, பென்ஷன் போதாமல்தான் தூக்குகிறார். அவர் வேலைக்குப் போனதையே காரணமாக்கிப் பென்ஷனை நிறுத்துவது எவ்வளவு பெரிய அநியாயம்! இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி வருகிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். அக்கம்பக்கத்தில் மூன்று பேரின் கையெழுத்தோடு, "இவர் இதே முகவரியில் தொடர்ந்து வசிக்கிறார்" என்று எழுதி வாங்குங்கள். அந்த மாதங்களில் ரேஷன் கடையில் பொருள் வாங்கிய குறுஞ்செய்தி யாருடைய போனிலாவது இருக்கும், அதைப் படம் எடுத்து வையுங்கள். ஊரில் இருந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மகள் வீட்டுக்குத் தூத்துக்குடி, ராமநாதபுரம் என்று சில மாதம் போகிறவர்கள், போகும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லி, போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

"பிள்ளைதான் இருக்கிறானே, அவன் பார்த்துக்கொள்ளட்டும்" என்கிறார்கள். பிள்ளை இருந்தால் பென்ஷன் கிடையாதா?

ஆதரவற்ற முதியோருக்கு என்றுதான் திட்டம் சொல்கிறது. சிக்கல் என்னவென்றால், பிள்ளை இருப்பதையே ஆதரவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மகன் என்ன சம்பாதிக்கிறான், எத்தனை மாதம் சம்பாதிக்கிறான், அவன் வீட்டில் எத்தனை வாய் என்று கேட்பதில்லை.

விசைப்படகில் கூலிக்குப் போகிற ஒருவனை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகு கரையில் நிற்கும். அரசு தருகிற தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய், முன்பு 5,000 இருந்தது. அப்புறம் காற்றுக்காலம், புயல் எச்சரிக்கைக் கூண்டு, வேலைநிறுத்தம். எல்லாவற்றுக்கும் மேலே, எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டால் அவன் மாதக்கணக்கில் அங்கே சிறையில். படகும் போய்விடும். அப்படிப் பிடிபட்ட ஒருவனின் தாய்க்கு, மகன் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது என்று பென்ஷனை நிறுத்தியதை நான் கண்ணால் பார்த்தேன். மகன் யாழ்ப்பாணத்தில் சிறையில் இருந்தான். தாய் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்த மனுவை எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது.

எனவே மனுவில் மகனை மறைக்காதீர்கள். மறைத்தால் அதுவே காரணமாகிவிடும். மகன் என்ன வேலை செய்கிறான், சொந்தப் படகா கூலியா, குழந்தைகள் எத்தனை, தனிக் குடித்தனமா என்று நேராக எழுதுங்கள். உண்மையிலேயே தனி அடுப்பு வைத்து வாழ்கிறவர்கள் ரேஷன் கார்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். பென்ஷனுக்காகப் பொய்யாகப் பிரிக்க வேண்டாம், கள ஆய்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

கீழக்கரையிலிருந்து: எங்கள் உம்மாவுக்குக் கைரேகை விழவில்லை, பணம் எடுக்க முடியவில்லை. என்ன செய்வது?

முன்பு தபால்காரர் மணியார்டரில் கையில் கொண்டுவந்து கொடுப்பார். எங்கள் அம்மாச்சி அந்த நாளில் காலையிலேயே குளித்து, வெற்றிலை மடித்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். பிறகு பேங்க் கணக்கு, கைரேகைக் கருவி என்று மாறியது.

கடல் வேலை செய்தவர்களின் விரலில் ரேகை இருக்காது. வலைக்கயிறு இழுத்த விரல், உப்பளத்தில் உப்பு வாரிய விரல், கருவாடு போட்டுக் காய்ந்த விரல், பனை ஓலை கிழித்த விரல். கருவி அதைப் படிக்காது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு வேறு வேறு விரலை வைத்துப் பாருங்கள், ஏதாவது ஒன்று விழும். பத்தும் விழவில்லை என்றால் ஆதார் மையத்தில் கைரேகையையும் கண் கருவிழியையும் புதுப்பியுங்கள். அதுவரை பேங்குக் கிளைக்கே போய்ப் பாஸ்புக்கைக் காட்டிச் சீட்டு எழுதி எடுக்கலாம், அது அவருடைய கணக்கு. கைரேகை விழாதது பணம் எடுப்பதற்கான தடங்கல் மட்டும்தான். அதற்காகப் பென்ஷனையே ரத்து செய்ய முடியாது.

வயதுச் சான்று இல்லை. ஆதாரில் வயது குறைவாக இருக்கிறது.

தனுஷ்கோடிப் புயல் அடித்தது 1964 டிசம்பர் 22 இரவு. அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்தவருக்குக்கூட இப்போது அறுபது தாண்டிவிட்டது. அவர்களில் பலருக்குப் பிறந்த தேதிக்கு எந்தக் காகிதமும் கிடையாது. ஆதார் எடுத்தபோது குத்துமதிப்பாக ஒரு வருடத்தைச் சொல்லி, ஜனவரி 1 என்று போட்டுவிட்டார்கள். அறுபத்தைந்து வயதுக்காரருக்குக் காகிதத்தில் ஐம்பத்தெட்டு.

ஆதாரில் பிறந்த தேதியை ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள். அவசரப்பட்டு இன்னொரு தப்பான தேதியைப் போட்டுவிடாதீர்கள். முதலில் ஆதாரங்களைத் தேடுங்கள்: பழைய வாக்காளர் அட்டை, மூத்த பிள்ளையின் பள்ளிச் சான்று, படித்திருந்தால் தொடக்கப் பள்ளிப் பதிவேடு. கிறிஸ்தவர்கள் பங்குக் கோவிலில் ஞானஸ்நானப் புத்தகத்தில் நகல் கேளுங்கள். நானே இரண்டு பேருக்கு அப்படி எடுத்து மனுவோடு வைத்தேன், விசாரணையில் அது கைகொடுத்தது.

புதிதாக மனு கொடுத்தேன், "காத்திருப்பில் இருக்கிறது" என்கிறார்கள். எவ்வளவு நாள்?

இ-சேவை மையத்தில் பதிவு செய்ததும் ஒப்புகைச் சீட்டு தருவார்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து தனி வட்டாட்சியரிடம் போகும். தகுதி என்று முடிவான பின்னும் பணம் உடனே வருவதில்லை. இத்தனை பேருக்குத்தான் என்று ஒதுக்கீடு இருப்பதால், பட்டியலில் இடம் வர வேண்டும். இடம் எப்படி வரும்? ஏற்கெனவே வாங்குகிறவர் ஒருவர் இறந்தால் வரும். ஒரு ஆத்தா என்னிடம், "யாரு செத்தா எனக்கு வரும்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றீகளா?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. தகுதி உள்ள ஒவ்வொருவருக்கும் தருவது என்று அரசு முடிவெடுத்தால் ஒழிய இந்தக் கேள்வி தீராது. முதுமையில் அரசு உதவி பெறுவது பற்றி அரசமைப்புச் சட்டத்தின் 41-வது பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

கிராமசபைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாட்களில் கட்டாயம் கூடும். காத்திருப்பவர்களின் பெயர்களைச் சொல்லித் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

மகளிர் உரிமைத் தொகையும் பென்ஷனும் சேர்ந்து வாங்கலாமா?

ஒருவருக்கே இரண்டும் கிடையாது. 2023 செப்டம்பரில் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வந்தபோது இந்தக் குழப்பத்தில் சிலர் பென்ஷன் வாங்கிக்கொண்டே அதற்கும் விண்ணப்பித்துவிட்டார்கள். பாட்டி பென்ஷன் வாங்கினால் மருமகள் தன் பெயரில் கேட்கலாம்.

இறால் கம்பெனியில் வேலை பார்த்தேன். பி.எஃப். பென்ஷன் 1,000 ரூபாய்தான் வருகிறது, சரியா?

அந்தத் திட்டத்தில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். 7,500 ஆக்கச் சொல்லி நாடு முழுக்க ஓய்வூதியர்கள் போராடுகிறார்கள். பத்து வருடம் பணம் பிடித்திருந்தால்தான் மாதப் பென்ஷன். கம்பெனி மாறி மாறி வேலை பார்த்த பெண்கள் பலர், எல்லா வருடத்தையும் ஒன்றாகச் சேர்க்காததால் இதை இழந்திருக்கிறார்கள். பழைய எண்களைத் தேடி ஒன்றாக்கச் சொல்லிக் கேளுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க மறந்தாலும் பணம் நின்றுவிடும்.

மண்டபம் முகாமில் இருக்கிற இலங்கைத் தமிழ் முதியவர்களுக்கு?

அவர்களுக்கென்று மாநில அரசின் தனி ஓய்வூதியப் பிரிவு உண்டு. முகாமைப் பார்க்கும் வட்டாட்சியரிடம்தான் மனு கொடுக்க வேண்டும்.

ஒருவர் மூவாயிரம் கொடுத்தால் உடனே வாங்கித் தருகிறேன் என்கிறார்.

கொடுக்காதீர்கள். பணம் எடுத்துத் தருகிறவர் "செலவுக்கு" என்று ஐம்பது பிடித்தாலும் கொடுக்காதீர்கள். ஏ.டி.எம். கார்டை வட்டிக்காரரிடம் அடகு வைத்திருக்கிறவர்கள் நம் பக்கம் நிறைய. தெரிந்தேதான் சொல்கிறேன், பேங்கில் சொல்லி அந்தக் கார்டை நிறுத்திவிட்டுப் புதுக் கார்டு வாங்கலாம். கடன் கடனாக இருக்கட்டும், பென்ஷன் கையில் இருக்கட்டும்.

பிள்ளைகள் வசதியாக இருந்தும் கவனிக்கவில்லை. பென்ஷனும் கிடைக்காது என்கிறார்கள்.

2007-ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லிப் பிள்ளைகளுக்கு உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. பார்த்துக்கொள்வோம் என்ற நிபந்தனையோடு வீட்டை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டிருந்தால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யவும் வழி இருக்கிறது. பேச ஆள் வேண்டுமென்றால் முதியோர் உதவி எண் 14567. இலவசச் சட்ட உதவிக்கு 15100.

ஆயிரத்து இருநூறு ரூபாய்தானே, அது நின்றால் அவ்வளவு பெரிய இழப்பா?

வெளியூரிலிருந்து வந்த ஒரு தம்பி என்னிடம் கேட்டது இது. ஒரு நாளைக்கு 40 ரூபாய். அரிசி ரேஷனில் இலவசம். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. சுகர், பிரஷர் மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இவ்வளவு இருந்தும் அந்த நாற்பது ரூபாய்தான் குழம்புக்குப் புளி, மிளகாய், எண்ணெய். பால். வெற்றிலை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. ஆண்களுக்குப் பஸ் டிக்கெட்.

அது மட்டும் இல்லை. மருமகள் வீட்டில் ஒரு மூலையில் பாய் போட்டிருக்கிற கிழவிக்கு, மாதத்தில் ஒரு நாள் வீட்டுச் செலவுக்கு ஐந்நூறு எடுத்து நீட்ட முடிகிறது. பேரனுக்குப் பத்து ரூபாய் மிட்டாய்க்குக் கொடுக்க முடிகிறது. பணம் நின்ற பின் அதே கிழவி, சோறு கேட்கவே யோசிக்கிறார். இரண்டு வேளை சாப்பாட்டை ஒரு வேளையாக்கிக்கொண்டு "பசிக்கல தம்பி" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டவர் உண்டு. எழுபத்திரண்டு வயதில் நிறுத்தியிருந்த மீன் கூடையை மறுபடி தலையில் தூக்கியவர் உண்டு. அவருக்குக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

பென்ஷன் வாங்கிய பெரியவர் இறந்துவிட்டால்?

கிராம நிர்வாக அலுவலரிடம் இறப்புச் சான்று நகலைக் கொடுத்துவிடுங்கள். இறந்த பின் ஏறிய பணத்தைக் கார்டில் எடுக்காதீர்கள், பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். கணவர் வாங்கி, மனைவிக்கு இன்னும் கிடைக்காமல் இருந்தால், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த அம்மாவின் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், இறப்புச் சான்று நான்கையும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போங்கள். விதவை ஓய்வூதியத்துக்கு அன்றைக்கே பதிவு செய்யலாம்.